காது நரம்புக் கட்டிக்கு எந்த வழி? பாம்பன் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் தொடர்ந்து படிப்பதற்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 48 வயது. சிறு வயதிலிருந்தே பாம்பனைச் சுற்றியுள்ள தீவுகளில் கடல்பாசி எடுக்கிறவர். இரண்டு ஆண்டுகளாக வலது காது மந்தம், ஓயாத இரைச்சல். இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். சில மாதங்களாக வலது கன்னத்தில் மரத்த உணர்வு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வலப்பக்கக் காது நரம்பில் 2.6 சென்டிமீட்டர் கட்டி, மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மதுரையில் ஒரு மருத்துவர் காதுக்குப் பின்னால் திறக்கலாம் என்கிறார். இன்னொருவர் காது எலும்பின் வழியே போகலாம், ஆனால் அந்தக் காது கேட்காது என்கிறார். மூன்றாமவர் அறுவையே வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்கிறார். தங்கச்சிமடத்தில் உங்கள் உறவினர் ஒருவருக்கு மூக்கு வழியாகவே மூளைக் கட்டியை எடுத்தார்கள், அதுபோல அம்மாவுக்கு ஏன் முடியாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வி, அம்மா திரும்பக் கடலுக்குப் போக முடியுமா என்பது. கேள்வியின் நடுவில், அதிகம் அழுத்தாமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மழைக்காலத்தில் அதே வலது காதில் சீழ் வடியும் என்று. இந்தப் பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் மண்டபத்துக்காரன். காது, மூக்கு, தொண்டை மருத்துவம் படித்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் செய்யும் அறுவைகளில் நரம்பியல் அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து நிற்பவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்குக் கதிர்வீச்சைவிட அறுவையே பொருத்தம். அந்தக் காதில் சீழ் வரும் நிலையில், காதுக்குப் பின்னால் திறப்பதே பாதுகாப்பான வழி. காது முழுக்கக் காய்ந்து, செவிப்பறை நல்ல நிலையில் இருந்திருந்தால் இரண்டாவது மருத்துவர் சொன்ன வழியைத்தான் நானும் விரும்பியிருப்பேன். ஏன் என்று விளக்குகிறேன். படங்களைக் கையில் வைத்து அம்மாவை நேரில் சோதிக்கும் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவ வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதலில் கட்டியைப் பற்றி. இதற்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று பெயர். அகூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. உடலின் சமநிலையைச் சொல்லும் நரம்பின் உறையிலிருந்து முளைக்கும் கட்டி இது. புற்றுநோய் இல்லை. வேறு இடத்துக்குப் பரவாது. வளர்ந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை வளரும். வளராமலே நின்றுவிடுவதும் நிறைய உண்டு. தொல்லை அது இருக்கும் இடத்தில்தான். உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் எலும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. சுமார் 1 சென்டிமீட்டர்தான் நீளம். அதற்குள் நான்கு நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன: முன்பக்கம் மேலே முகத்தை அசைக்கும் முகநரம்பு, அதன் கீழே கேட்கும் நரம்பு, பின்பக்கம் மேலும் கீழுமாகச் சமநிலை நரம்புகள் இரண்டு. கட்டி பின்பக்கத்தில் பிறந்து, முன்னால் இருக்கும் இரண்டையும் நெருக்கி, பிறகு குழாயைவிட்டு வெளியே வந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் இடையிலுள்ள மூலையில் பருக்கும். கன்னம் மரத்துப்போயிருக்கிறது என்றால், அந்த மூலையின் மேற்பகுதியில் ஓடும், முகத்தின் தொடு உணர்வைச் சொல்லும் ஐந்தாம் நரம்பையும் அது தொட்டுவிட்டது என்று பொருள்.

இப்போது வழிகள். மண்டையோட்டின் அடித்தளத்துக்குப் போகும் எல்லா வழிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மூளையை ஒதுக்காதே, எலும்பை எடு. எலும்பைக் குடைந்து எடுத்தால் நோயாளிக்குப் பெரிய இழப்பில்லை. மூளையைக் கருவியால் அழுத்தி ஒதுக்கினால் வீக்கம், ரத்தக்கசிவு, சில நேரம் நிரந்தரச் சேதம். இரண்டாவது அடிப்படை, போகும் பாதையில் நரம்பைக் குறுக்கே கடக்கக் கூடாது. கட்டி நரம்புகளின் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்தே போக வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மருத்துவர் சொல்லும் நீண்ட பெயர்கள் மிரட்டாது.

உங்கள் உறவினருக்கு ஏன் மூக்கு வழி, அம்மாவுக்கு ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விடை. அவருக்கு இருந்தது அநேகமாகப் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியாக இருக்கும். அந்தச் சுரப்பி மண்டையோட்டின் நடுக்கோட்டில், மூக்கின் பின்சுவரை ஒட்டிய காற்றறைக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. இடமும் வலமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள், மேலே பார்வை நரம்புகள். கீழிருந்து போனால் இவை எதையும் கடக்காமல், மூளையைத் தொடாமல் கட்டியை அடையலாம். 1907-இல் இன்ஸ்ப்ருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் இந்தத் திசையில் முதன்முதலில் போனார். 1990-களில் எண்டோஸ்கோப் வந்த பிறகு முகத்திலோ உதட்டிலோ வெட்டே இல்லாமல் செய்ய முடிந்தது. மூக்கு வழியின் பெரிய பலவீனம் மூளைநீர்க் கசிவு. மூக்கு நடுச்சுவரின் சவ்வை ரத்த ஓட்டத்தோடு திருப்பி ஓட்டையை மூடும் முறை 2006-இல் விவரிக்கப்பட்ட பிறகு அதுவும் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அம்மாவின் கட்டி நடுக்கோட்டில் இல்லை. பக்கவாட்டில், காது எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கிலிருந்து அங்கே போக வேண்டுமானால் அந்தப் பெரிய ரத்தக்குழாயையும், காக்க வேண்டிய முகநரம்பையும் தாண்டித்தான் போக வேண்டும். வெளியே தழும்பு தெரியாது என்பதற்காக உள்ளே அவ்வளவு பெரிய விலை கொடுக்கக் கூடாது.

காதுக்குப் பின்னால் திறக்கும் வழிக்கு ரெட்ரோசிக்மாய்டு என்று பெயர். காது மடலுக்குப் பின்னால், முடிக்கு உள்ளேயே வெட்டு மறைந்துவிடும். தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் இரண்டு பெரிய சிரைகள் கூடும் மூலைக்குக் கீழே, சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு எலும்பு எடுக்கப்படும். மூளை உறையைத் திறந்ததும் மருத்துவர் முதலில் செய்வது, கீழே தேங்கியிருக்கும் மூளைநீரை மெல்ல வெளியே விடுவது. அப்படி விட்டால் சிறுமூளை தானாகவே தளர்ந்து விலகும். கருவியால் அழுத்த வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். அதன்பின் கட்டியின் உள்ளிருப்பை அல்ட்ராசோனிக் கருவியால் உறிஞ்சிக் காலி செய்து, மெலிந்த வெளித்தோலை மூளைத்தண்டிலிருந்து உரிப்பார்கள். இந்த வழியின் பலம், மூளைத்தண்டு, ரத்தக்குழாய்கள், கீழ் நரம்புகள் என அந்த மூலை முழுவதும் அகலமாகக் கண்ணுக்குத் தெரிவது. கேட்கும் திறன் மிச்சமிருந்தால் அதைக் காக்கும் வாய்ப்பும் உண்டு. பலவீனங்களும் உண்டு. முகநரம்பு பெரும்பாலும் கட்டியின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால், பின்னாலிருந்து வரும் மருத்துவருக்கு அது மறைவில்தான் இருக்கும். எலும்புக் குழாயின் கடைசி மூன்றிலொரு பங்கைப் பார்ப்பது கடினம்; அதைத் திறக்கப் போனால் உட்காது உடையும். அறுவைக்குப் பின் நீடிக்கும் தலைவலியும் மற்ற வழிகளைவிட இதில் கூடுதலாக வருகிறது.

இரண்டாவது மருத்துவர் சொன்னது டிரான்ஸ்லேபிரிந்தைன். காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, சமநிலையைச் சொல்லும் மூன்று அரைவட்டக் குழல்களையும் எடுத்துவிட்டு நேராக எலும்புக் குழாயின் மீது போய் இறங்குவது. உட்காது போய்விடுவதால் அந்தக் காது முழுச் செவிடாகும். அதில் மாற்றமே கிடையாது. அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரியது. சிறுமூளையைத் தொட வேண்டியதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மூளை ஓய்வில் இருக்கும். குழாயின் கடைசி முனை வரை தெரியும். அந்த முனையில் முகநரம்பையும் சமநிலை நரம்பையும் பிரிக்கும் சிறிய எலும்புத் தடுப்பு ஒன்று உண்டு. அதைக் கண்டால் முகநரம்பு எங்கே என்பதில் சந்தேகமே இருக்காது. கட்டியால் நசுங்காத நல்ல நரம்பை அங்கே பிடித்து, அதைத் தொடர்ந்தே உள்ளே போகலாம். கடைசியில் அடிவயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்துக் குடைந்த இடத்தை நிரப்புவார்கள். வயிற்றில் சிறு தழும்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முகநரம்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டி பெரிதாகப் பெரிதாக அது கட்டியின் வெளித்தோல்மேல் தட்டையாகப் பரந்து, கண்ணுக்கே தெரியாத சவ்வுபோல ஆகிவிடும். பாறையில் ஒட்டிய மெல்லிய பாசியைக் கிழியாமல் எடுக்க விரல் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று அம்மாவைக் கேளுங்கள்; இந்த நரம்பிலிருந்து கட்டியைப் பிரிப்பது அப்படிப்பட்ட வேலை. அதனால்தான் இன்று நல்ல கைகள்கூடச் சில நேரம் முழுக் கட்டியையும் எடுப்பதில்லை. நரம்பில் இறுக ஒட்டிய மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பார்த்து, வளர்ந்தால் மட்டும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். 'கொஞ்சம் விட்டுவிட்டோம்' என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னால் அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு படலத்துக்காக முகத்தைப் பலிகொடுப்பதைவிட அது நல்ல முடிவு.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. அவர்களில் ஒருவர் தவறு என்று முடிவு செய்ய வேண்டாம். நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் பின்வழியில் பயின்றவர்கள். எங்களைப் போலக் காதிலிருந்து வந்தவர்களுக்குக் காது எலும்பு பழகிய இடம். ஒருவர் அதிகம் செய்து பழகிய வழி அவர் கையில் பாதுகாப்பாக இருக்கும் என்பதும் உண்மைதான். இந்த அளவுள்ள கட்டியை இரண்டு வழியிலும் முழுமையாக எடுக்க முடியும்.

ஆகவே முடிவைத் தீர்மானிப்பது உங்கள் அம்மாவின் காதுதான். நீங்கள் அனுப்பிய கேள்திறன் அறிக்கையில் வலது காது 70 டெசிபல், சொல் புரியும் திறன் நூற்றுக்கு 20 என்று இருக்கிறது. 50 டெசிபலுக்குள் ஒலி கேட்டு, பாதிச் சொற்களாவது புரிந்தால்தான் பயனுள்ள காது என்று நாங்கள் கணக்கில் எடுப்போம். சீழ் வடியும் காதில் 70 டெசிபல் என்பதில் ஒரு பகுதி செவிப்பறை ஓட்டையாலும் வந்திருக்கலாம். ஆனால் சொல்லே புரியவில்லை என்பது நரம்பின் கோளாறு. ஓட்டையை அடைத்தால் அது திரும்பாது. ஆகக் காக்க வேண்டிய கேள்திறன் அந்தப் பக்கம் இல்லை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் காது எலும்பு வழி நன்றாகவே பொருந்துகிறது. இரண்டாம் மருத்துவர் அதைச் சொன்னதில் வியப்பில்லை.

சீழ் அந்தக் கணக்கை மாற்றுகிறது. நாட்பட்ட சீழ் என்றால் செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதிலும் மாஸ்டாய்டு எலும்பிலும் கிருமி. அந்த எலும்பு வழியாகவே குடைந்துபோய் மூளை உறையைத் திறந்தால், கிருமிக்கு மூளைநீருக்குள் இறங்க நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும். விளைவு மூளை உறை அழற்சி, உயிருக்கே ஆபத்து. பல ஆண்டு சீழ் வடிந்த எலும்பு காற்றறைகள் இல்லாமல் கெட்டிப்பட்டுச் சுருங்கியும் இருக்கும். வேலை செய்ய இடம் குறுகும். இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும் என்றால், முதலில் ஓர் அறுவையில் நோயுற்ற எலும்பைச் சுத்தம் செய்து காதுத் துவாரத்தை மூடிவிட்டு, மாதங்கள் கழித்து அடுத்த அறுவையில் கட்டிக்குப் போவார்கள். கட்டி மெதுவாக வளர்வதால் அப்படிக் காத்திருக்க முடியும். ஆனால் கன்னம் மரத்து, நடை தள்ளாடும் ஒருவருக்கு இரண்டு மயக்கம், இரண்டு செலவு, இடையில் காத்திருப்பு என்பதெல்லாம் எனக்குச் சரியாகப் படவில்லை. பின்வழி நடுக்காதைத் தொடாமல் போகிறது. அங்கேயும் சில காற்றறைகள் திறக்கும்; எலும்பு மெழுகு வைத்து அடைக்கலாம். அதற்கு முன் காதுத் துளிமருந்தும் சுத்தமும் கொடுத்து, சீழை நிறுத்தி, காது காய்ந்த நிலையில் அறுவைக்குப் போக வேண்டும்.

இந்தச் சீழ் விஷயத்தை இரண்டாவது மருத்துவரிடம் சொன்னீர்களா? அறிக்கையில் அது இல்லை. நம் கரையில் கடலில் முங்கி வேலை செய்யும் பெண்களுக்குக் காது வடிவது அவ்வளவு சாதாரணமாகிவிட்டதால் அதை ஒரு நோயாகவே யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. உடனே சொல்லுங்கள். மாஸ்டாய்டு எலும்பின் சி.டி. ஸ்கேனும் கேட்டு வாங்குங்கள். மூளைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. எலும்பைக் காட்டாது.

காதுக்கு மேலே திறந்து போகும் மிடில் ஃபோஸா என்ற வழியும் இருக்கிறது. எலும்புக் குழாய்க்குள்ளேயே அடங்கிய சிறு கட்டி, நல்ல கேள்திறன் ஆகியவை உள்ளவர்களுக்கானது அது. அம்மாவுக்கு இரண்டும் இல்லாததால் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சைப் பற்றி மூன்றாம் மருத்துவர் சொன்னதையும் மதிப்போடு பார்க்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் 1960-களின் கடைசியில் உருவாக்கிய காமா நைஃப், பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும். வெட்டு இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாளில் முடியும். கட்டியின் விளிம்பில் 12 முதல் 13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளராமல் நின்றுவிடும். கவனியுங்கள், நின்றுவிடும் என்கிறேன், மறையும் என்று சொல்லவில்லை. 3 சென்டிமீட்டருக்குக் கீழே, மூளைத்தண்டை அழுத்தாத கட்டிக்கு, அதுவும் வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அம்மாவுக்குத் தயங்கும் காரணம், கதிர்வீச்சுக்குப் பின் பல மாதங்களுக்குக் கட்டி சற்று வீங்கக்கூடும். ஏற்கனவே தண்டைத் தொட்டு, கன்னத்தை மரக்கச் செய்த கட்டிக்கு அந்த வீக்கத்தைத் தாங்க இடமில்லை. அழுத்தத்தை உடனே இறக்குவது அறுவைதான். கதிர்வீச்சு பலிக்காமல் பிறகு அறுவை செய்ய நேர்ந்தால் முகநரம்பு கூடுதலாக ஒட்டியிருக்கும் என்பதும் 48 வயதில் கணக்கில் கொள்ள வேண்டியது. அம்மாவுக்கு வேறு பெரிய நோய் இருந்து மயக்கம் கொடுப்பதே ஆபத்து என்றால் மட்டும் என் கருத்து மாறும்.

மூளை அறுவை என்ற சொல்லுக்கே வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் உள்ளிருப்பை மட்டும் எடுத்து வெளித்தோலை விட்டுவிடும் முறையால் அதை வெகுவாகக் குறைத்து 1917-இல் நூலாகவே எழுதினார். 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவர் மைக்ராஸ்கோப்பையும் பல் மருத்துவரின் துளைப்பானைப் போன்ற கருவியையும் கொண்டுவந்து காது எலும்பு வழியை உயிர்ப்பித்தார். நம் பக்கத்தில் வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவையைத் தொடங்கினார்கள். இன்று பழகிய மையங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அழுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது வழியின் பெயரைவிட முக்கியமான சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கட்டிக்கு ஆண்டுக்கு எத்தனை அறுவை செய்கிறீர்கள்? இவ்வளவு பெரிய கட்டிக்குப் பிறகு, ஓராண்டு கழித்துக் கண் முழுதாக மூடுகிறவர்கள் எத்தனை பேர்? அறுவை முழுக்க முகநரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா? காது மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து நிற்பார்களா? இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நிறையச் செய்தவர்கள் தயக்கமின்றிப் பதில் சொல்வார்கள்.

அறுவைக்குப் பின் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது மூளைநீர்க் கசிவு. நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரக்கூடும். அது காயத்தின் வழியாகத்தான் வரும் என்றில்லை. திறந்த காற்றறைகள் வழியே நடுக்காதுக்குள் வந்து, அங்கிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் வழியாக மூக்கில் சொட்டும். குனிந்தால் ஒரு பக்க மூக்கில் தெளிந்த நீர் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை உங்கள் ஊருக்கு அழுத்திச் சொல்கிறேன். கடலிலிருந்து ஏறினால் மூக்கிலிருந்து உப்புநீர் வடிவது அம்மாவுக்கு ஆயுள் முழுக்கப் பழகிய விஷயம். ஜலதோஷம் என்றோ வேறு எதுவென்றோ எண்ணித் துடைத்துவிட்டுப் போய்விடுவார். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது கண். முகநரம்பு முழுதாகக் காப்பாற்றப்பட்டாலும் சில வாரங்களோ மாதங்களோ முகம் கோணி, வலது கண் மூடாமல் இருக்கலாம். ஐந்தாம் நரம்பும் மரத்திருப்பதால் கண்ணில் மணல் விழுந்தால்கூட அம்மாவுக்கு உறுத்தாது. மூடாத கண், வலி தெரியாத கண், அதன்மேல் நம் கரையின் உப்புக்காற்றும் பறக்கும் மணலும். கருவிழியில் புண் வந்து பார்வை போவது இப்படித்தான். பகலில் மணிக்கொரு முறை கண்ணீர்த் துளிமருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டுவது, வெளியே போனால் பக்கமும் மூடிய கண்ணாடி. இதில் ஒரு நாளும் தவறக் கூடாது. கண் சிவந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

இனிக் கடல். எந்த வழியில் எடுத்தாலும் வலப்பக்கச் சமநிலை நரம்பு போய்விடும். கட்டி ஏற்கனவே அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்திருப்பதால், மூளை பாதி பழகியிருக்கும். முதல் சில நாட்கள் தலைசுற்றலும் வாந்தியும் இருக்கும். எழுந்து நடக்க நடக்கச் சரியாகும். படுக்கையில் ஓய்வு எடுக்க வைத்துவிடாதீர்கள். தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது, பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை அசைப்பது, கண்ணை மூடி நிற்பது போன்ற பயிற்சிகளைப் பிசியோதெரபி மருத்துவர் கற்றுக்கொடுப்பார். கரையில் நடமாட்டம் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும்.

நீருக்குள் நிலைமை வேறு. நாம் நிமிர்ந்து நிற்பது கண், பாதம், உட்காது ஆகிய மூன்றும் சொல்லும் செய்தியால். முங்கும்போது பாதம் தரையில் இல்லை. கலங்கிய நீரில் கண்ணுக்கும் வேலையில்லை. மிஞ்சுவது உட்காது மட்டுமே. அதில் ஒரு பக்கம் இல்லாதபோது எது மேல், எது கீழ் என்றே சில நொடிகள் தெரியாமல் போகலாம். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சில நொடிகளே போதும். மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்று ஏற்றுவது தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டிக் கசிவைத் திறக்கவும் செய்யும். அதனால் மூச்சடக்கி முங்கிக் கட்டக்கோரை, மரிக்கொழுந்துப் பாசிகளை எடுக்கும் வேலைக்கு அம்மா திரும்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு இது எவ்வளவு கனமான செய்தி என்று எனக்குத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிடைக்கும் அந்தக் கூலியில்தான் வீடு நடக்கிறது.

ஆறேழு மாதம் கழித்து, காயம் ஆறி, கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, இடுப்பளவு நீரில், பகலில், கூட ஒருவர் இருக்கத் தலை முங்காமல் செய்யும் வேலைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கரையிலேயே பாசி காய வைப்பது, தரம் பிரிப்பது, மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசிக்குக் கயிற்றில் விதை கட்டுவது ஆகியவை அதைவிடப் பாதுகாப்பு. மண்டபம் பக்கம் மிதவைப் பாசி வளர்க்கும் குழுக்களில் கயிறு கட்டும் வேலைக்குப் பழகிய கைகளின் தேவை எப்போதும் இருக்கிறது. இன்னொன்று: ஒரு காது மட்டும் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. நீரில் நிற்கும்போது வலப்பக்கம் வரும் வள்ளத்தின் இன்ஜின் ஒலி இடப்பக்கம் வருவதுபோல இருக்கும். கூட நிற்பவர் அம்மாவின் வலப்பக்கம் நிற்கட்டும். மிஞ்சிய இடது காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு விடுவது எதுவும் இனிக் கூடாது.

நேரத்தைப் பற்றி. இன்றே ஓடிப்போய்ச் செய்ய வேண்டிய அவசரம் இல்லை. ஓராண்டு தள்ளிப்போடுவதும் சரியில்லை. சில வாரங்களில் காதைக் காய வைத்து, சி.டி. எடுத்து, ஒரு மையத்தை முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அருகில் இருந்தால் அதில் வைத்துக்கொள்வது வீட்டுக்கு வசதி. ஆண்கள் கரையில் இருப்பார்கள், மருத்துவமனையில் துணைக்கு ஆள் கிடைக்கும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டையில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சேர்க்கைக்கு முதல் நாள் ஓடுவது தாங்க முடியாத அலைச்சல்.

காத்திருக்கும் நாட்களில் காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், தூக்கக் கலக்கம் ஆகியவை வந்தால் மூளைநீர் தேங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது தேதிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாம்பனிலிருந்து மதுரை நெடுந்தூரம் என்பதால், எந்த மருத்துவமனை, யாரிடம் பேச வேண்டும், எம்.ஆர்.ஐ. குறுந்தகடு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். சி.டி. அறிக்கை வந்ததும் மாஸ்டாய்டு எலும்பைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அனுப்புங்கள், தம்பி. அதைப் பார்த்த பிறகு பின்வழியா, இரண்டு கட்டமாகக் காது வழியா என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.